மொய்யைக் கடன் என்று சொன்னவள்

ஃபோன்ல நான் பேசுனத வச்சு என்னையத் தப்பா நெனச்சிறாதீங்க சார். கொப்பரை போடப் பட்டுக்கோட்டைக்குப் போறேன்னு சொன்னேன்ல, அது வீட்டுக்காரிகிட்ட. கொப்பரையும் இல்ல, பட்டுக்கோட்டையும் இல்ல. தஞ்சாவூருக்குத்தான் போறேன், கண்டக்டருகிட்ட டிக்கெட்டு எடுக்கும்போது நீங்களே பாத்தீங்க. ஆனா பொய் பேசுற ஆளு இல்ல நானு. பேராவூரணிப் பக்கம் வந்து தேங்கா வியாபாரம் வைத்திலிங்கம்னு கேட்டுப் பாருங்க, சொல்லுவாங்க. இப்ப என்ன சொல்லுவாங்கன்னு தெரியல. இதுக்கு முன்னாடி நல்லபடியாத்தான் சொன்னாங்க.

நான் யாருக்கும் கடன்காரன் இல்ல சார். மொதல்ல அத மனசுல வச்சுக்கங்க. பேங்குக்குக் குடுக்கணும், சரி. ரெண்டு ஃபைனான்ஸுக்குக் குடுக்கணும், சரி. செல்ஃபோன் ஆப்புல ஒண்ணு வாங்குனேன், அது கழுத, விட்டுருங்க. இளஞ்சியம் குழுவுல எடுத்துக் குடுத்தது ஒண்ணு. இளஞ்சியம்தான் என் வீட்டுக்காரி. அவ்வளவுதான். புயல்ல தோப்பு படுத்த எவனுக்குத்தான் இதெல்லாம் இல்ல? நம்ம ஊருப் பக்கம் அந்த ஒரு ராத்திரியில மொட்டையாகாத தோப்பு எது, சொல்லுங்க. நீங்க எந்த ஊரு? கும்பகோணமா. அப்ப உங்களுக்குத் தெரியாது.

அந்தத் தோப்பு இளஞ்சியத்தோடது. அவ அப்பாரு சீதனமாக் குடுத்தது. புயல் அடிச்ச மறுநா காலைல ரெண்டு பேரும் போயிப் பாத்தோம். ஒரு மரம் நிக்கல சார். அவ படுத்துக் கெடந்த ஒரு மரத்துமேல உக்காந்தவ எந்திரிக்கவே இல்ல. நான்தான் சொன்னேன், அழுவாத புள்ள, மொய் விருந்து வைக்கிறேன், மறுபடியும் கன்னு வைக்கலாம்னு. சொன்னபடி வச்சேன்ல.

மொய் விருந்து தெரியுமா? கல்யாணம் காதுகுத்து எதுவும் வேண்டியதில்ல. ஆடியில ஆவணியில ஒரு நாளு குறிச்சு, பத்திரிகை அடிச்சு, கெடா வெட்டிக் கறிசோறு போடுவோம். வர்றவங்க சாப்பிட்டுட்டு மொய் எழுதிட்டுப் போவாங்க, யாரு எவ்வளவுன்னு மைக்குல வாசிப்பாங்க. பின்னாடி அவங்க விருந்து வைக்கும்போது நாம போயி, அவங்க எழுதுனதுக்கு மேல கொஞ்சம் சேத்து எழுதணும். அஞ்சு வருசத்துக்கு ஒருக்கதான் ஒருத்தர் வைக்கலாம். வட்டி இல்ல, பத்திரம் இல்ல, வாயில ஒரு பேச்சு இல்ல. எங்க ஊருல வீடு கட்டுனவன், புள்ளைய இஞ்சினியரு படிக்க வச்சவன், சிங்கப்பூரு போனவன், எல்லாம் மொய்யில நிமுந்தவந்தான். அது செய்மொறை சார். அதப்போயி கடன்னு சொல்லலாமா? சொல்லிட்டா சார். என் பொண்டாட்டியே சொல்லிட்டா. மைக்குல சொல்லிட்டா.

இருங்க, மொறையாச் சொல்றேன்.

எனக்கு மொய் நல்லாவே விழுந்துச்சு. என் மொகத்துக்கு விழுந்த மொய். எண்ணவே விடியக்காலம் ஆயிருச்சு. கன்னு வாங்கி நட்டேன். போர் போட்டேன். வீட்டுக்கு முன்னாடி ஒரு போர்ட்டிகோ இழுத்தேன், நாலு பேரு வந்தா உக்கார வேணாமா. ஒரு புல்லட்டு. அது தேவைதான், வியாபாரிக்கு. அதுக்கப்புறம் வருசா வருசம் ஆடி பொறந்தா ஞாயித்துக்கெழம ரெண்டு விருந்து, மூணு விருந்து. ஒவ்வொருத்தருக்கும் திருப்பிச் செய்யணும். காய்ப்பு இல்ல, கையில காசு இல்ல. அப்ப என்ன பண்றது? ஃபைனான்ஸுல வாங்கிச் செஞ்சேன். ஒரு வருசமாச்சும் நான் கொறைச்சு எழுதியிருக்கேனா? கேட்டுப் பாருங்க.

ஃபைனான்ஸுக்கு வட்டி நின்னுச்சு. நின்னா சும்மா இருப்பானா. ஒருத்தன் வருவான், வரதராசுன்னு பேரு. சத்தம் போட மாட்டான், கெட்ட வார்த்தை பேச மாட்டான். நான் கட்டுன போர்ட்டிகோவுல, நான் வாங்கிப் போட்ட சேருல, காலையில வந்து உக்காந்தான்னா பொழுது சாயத்தான் எந்திரிப்பான். செல்லுல பாட்டு வேற. இளஞ்சியம் தண்ணி கொண்டாந்து வைப்பா, குடிப்பான். நான் கொல்லப்பக்கம் வேலியத் தாண்டிப் போயிருவேன். இன்னொரு பக்கம் செல்ஃபோன் கடன்காரன் என் மச்சினன், என் தங்கச்சி, நான் கொப்பரை போடுற கடைக்காரரு, எல்லாருக்கும் ஃபோனப் போட்டு, வைத்திலிங்கம் எங்கன்னு கேக்குறான். வெளிய தல காட்ட முடியல. வீட்டுலயும் இருக்க முடியல. வாழக்கொல்லையில போயி உக்காந்திருப்பேன் சார், எந்த வண்டி எங்க வீட்டு வாசல்ல நிக்குதுன்னு சத்தத்த வச்சே சொல்லிருவேன்.

தோப்புப் பத்திரம் கடனுக்கு ஈடா அந்த வரதராசு முதலாளிகிட்ட இருக்கு. ஏலத்துக்குப் போடப்போறேன்னு நோட்டீசு வந்த அன்னிக்கு இளஞ்சியம் சாப்பிடல. அவ கயிறு கம்பெனியில வேல பாக்குறா, தேங்கா நாரு பிரிக்கிற வேல. அங்க கூட வேல பாக்குற பொண்ணு ஒண்ணு சொல்லியிருக்கு, தஞ்சாவூருல கடன் ஆலோசனை மையம்னு ஒண்ணு இருக்கு, பணம் குடுக்க மாட்டாங்க, வழி சொல்லுவாங்கன்னு. பணம் குடுக்காதவன் என்ன வழி சொல்லுவான்னு நான் கேட்டேன். அவ மறுநாளு பஸ்ஸுக்குக் கெளம்பி நின்னா. நானும் போனேன்.

மாடியில ஒரு ரூம்பு. ஜெயசீலி மேடம்னு ஒரு அம்மா. நல்ல அம்மாதான், குத்தம் சொல்ல மாட்டேன். எல்லாக் கடனையும் எழுதிக்கிட்டாங்க. எவ்வளவு வருது, வீட்டுச் செலவு என்ன, மருந்து மாத்திரை என்ன, எல்லாம் கேட்டாங்க. பாத்துட்டு ஒரு கேள்வி கேட்டாங்க சார். "அது ஏன்யா, ஒவ்வொரு வருசமும் ஆடி மாசத்துலயே கடன் வாங்கியிருக்கீங்க?"

நான் சொன்னேன், ஆடியில காத்து மேடம், காய் கொட்டிரும்னு.

அந்தம்மா நாகர்கோயில் பக்கம், நம்ம ஊரு மொய் தெரியாது. நம்பிட்டாங்க. இளஞ்சியம் மெதுவா, "ஏங்க, அந்தச் செய்மொறை..."ன்னு ஆரம்பிச்சா. நான் மேசைக்குக் கீழ அவ கால மிதிச்சேன். பின்ன என்ன சார், ஊருச் செய்மொறையப் போயி அசலூருக்காரங்ககிட்ட, ஃபைனான்ஸுக்காரன் கடன் கூடவா எழுதி வைக்கிறது? "வேற யாருக்காவது குடுக்க வேண்டியது இருக்கா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க"ன்னு திருப்பிக் கேட்டாங்க. ஒருத்தருக்கும் இல்ல மேடம்னேன். அது பொய்யா? நீங்களே சொல்லுங்க.

அப்புறம் அந்தம்மா எல்லா எடத்துக்கும் கடுதாசி போட்டு, பேசி, ஒரு திட்டம் போட்டுக் குடுத்தாங்க. மாசாமாசம் ஒரே ஒரு தொகை. அத மையத்துக்குக் கட்டிட்டா அவங்க பிரிச்சு எல்லாருக்கும் போட்டுருவாங்க. நாலு வருசம். புதுசா எங்கயும் கைநீட்டக்கூடாது. தவணை நிக்கக்கூடாது. நின்னா திட்டம் ஒடஞ்சுபோவும், தோப்பு ஏலத்துக்குப் போவும், அப்புறம் யாரும் ஒண்ணும் பண்ண முடியாது. ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம்.

வரதராசு வர்றது நின்னுருச்சு சார். அந்தச் சேரு காலியாக் கெடந்துச்சு. ஃபோன் அடிக்கல. இளஞ்சியம் ரெண்டு நாளு பகல்லயும் தூங்கினா, அப்படி ஒரு தூக்கம். கம்பெனியில கூடுதல் நேரம் பாத்தா. நாருத் தூசியில இருமிக்கிட்டே வருவா, வந்து சம்பளத்த அப்படியே என் கையில குடுப்பா. நீங்களே கட்டிட்டு வாங்க, ஒங்க பேருல இருக்கட்டும்னு சொல்லுவா. ஒரு நாளு சாயங்காலம் என்னைய இழுத்துக்கிட்டுத் தோப்புக்குப் போயி ஒரு கன்னக் காட்டுனா. பாளை விட்டிருந்துச்சு. புயலுக்கு அப்புறம் வச்சதுல மொதப் பாளை. அதத் தொடக்கூட இல்ல, கைய மட்டும் கிட்டக்கக் கொண்டுபோயி வச்சுக்கிட்டு நின்னா.

சந்தோசமாத்தான் இருந்துச்சு, எனக்கும். பொறகு ஆடி வந்துச்சு.

பத்திரிகை வருது சார். வெத்தல பாக்கு வச்சு, வீட்டுக்கு வந்து, மரியாதையாக் குடுத்து, போறப்ப வாசல்ல நின்னு ஒரு வார்த்தை. "அண்ணனுக்கு நாங்க செஞ்சது நெனப்பு இருக்கும்." அவ்வளவுதான் சொல்லுவாங்க. அந்த ஒரு வார்த்தைக்கு நான் என்ன பதில் சொல்றது? நான் ஒரு திட்டத்துல இருக்கேன், மேடத்தக் கேட்டுச் சொல்றேன்னா? சிரிக்க மாட்டான்? அந்த மாசம் இளஞ்சியம் குடுத்த பணத்த மையத்துக்குக் கட்டல. ரெண்டு வீட்டுக்கு மொய் எழுதினேன். மறு மாசமும் அதே மாதிரி. கேட்டதுக்கு, கட்டிட்டேன்னு சொன்னேன். அது வேற விசயம்.

மேடம் எனக்கு ஃபோன் அடிச்சாங்க, நான் எடுக்கல. எனக்கு ஃபோன எடுக்காம இருக்கறது பழகிப்போச்சு. அந்தம்மா நேரா இளஞ்சியத்துக்கு அடிச்சுட்டாங்க. கம்பெனியில, மெசினுப் பக்கத்துல நின்னு கேட்டிருக்கா.

வீட்டுக்கு வந்து சண்ட போடுவான்னு பாத்தேன். போடல. கூடையக் கீழ வச்சுட்டு, "இன்னும் யாரு யாருக்கு எவ்வளவு செய்யணும்?"னு கேட்டா. சொன்னேன். சொல்லச் சொல்லத் தலைய ஆட்டிக்கிட்டே இருந்தா. மறுநாளு லீவு போட்டுட்டு தனியா தஞ்சாவூரு போயி மேடத்துகிட்ட எல்லாத்தையும் கொட்டிட்டா. அந்தம்மா சொன்னாங்களாம், இதுவும் கடன்தாம்மா, இதையும் சேக்கணும், செஞ்சவங்ககிட்ட மறைக்காமச் சொல்லி, மாசம் இவ்வளவு தர்றோம்னு ஒத்துக்க வைக்கணும்னு. இவளுக்கு இன்னும் ஒரு வாய்ப்பும் குடுத்துருக்காங்க. இனிமே தவணைய இவளே கட்டணும்னு பேச்சு. அன்னியிலேருந்து என் கையில டீக்காசுதான் சார். வியாபாரக் காச வாங்கி எண்ணி வச்சுக்கிறா.

சரி, ஒத்துக்க வைக்கிறதுன்னா வீட்டுக்கு வீடு போயி, கதவச் சாத்திக்கிட்டு, காதோட காதாச் சொல்லலாம்ல? ஒரு கவுரவமாச் சொல்லலாம்ல?

நாடிமுத்து வீட்டு விருந்து வந்துச்சு. அவரு எனக்கு இருபதாயிரம் செஞ்சவரு. போவாம இருக்க முடியாது. இளஞ்சியம் கெளம்புன்னு சொன்னா. பணம் வச்சிருக்கியான்னு கேட்டேன், வச்சிருக்கேன்னா. எனக்கு நெஞ்சு குளுந்துபோச்சு. ஆயிரந்தான் இருந்தாலும் பொண்டாட்டி விட்டுக்குடுக்க மாட்டான்னு நெனச்சேன். வெள்ளச் சட்ட போட்டுக்கிட்டுப் போயி மொதப் பந்தியிலயே உக்காந்தேன். அவ மொய் எழுதுற மேசைப் பக்கம் போனா. இலையில கறி விழுந்துருச்சு. பெசஞ்சு ஒரு வாய் வைக்கப்போறேன், ஸ்பீக்கருல அவ கொரலு.

"நான் வைத்திலிங்கம் சம்சாரம் இளஞ்சியம் பேசுறேன். நாடிமுத்து அண்ணன் எங்களுக்குச் செஞ்சது இருபதாயிரம். அது நாங்க பட்ட கடன். இன்னிக்கு ஆயிரம் எழுதிக்குங்க. மிச்சத்த மாசம் ஆயிரமா வீட்டுல கொண்டாந்து குடுப்பேன். எங்களுக்குச் செஞ்சவங்க இங்க நெறையப் பேரு இருக்கீங்க. எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சமாத்தான் தர முடியும், ஆனா தந்துருவோம். அது முடியற வரைக்கும் எங்களுக்குப் பத்திரிகை வைக்காதீங்க. நாங்களும் வைக்க மாட்டோம்."

மொய் எழுதுறவன் மைக்கப் புடுங்கலாம்ல? வாயப் பொளந்துக்கிட்டு ஒக்காந்திருந்திருக்கான். பந்தல்ல கரண்டிச் சத்தம் மட்டும். பந்தியில நடுவுல எந்திரிச்சா எலையப் போட்டவனுக்கு அவமானம். எந்திரிக்கவும் முடியல, முழுங்கவும் முடியல. ரெண்டு பக்கமும் ஆளு, முன்னாடி சோறு, தலைக்கு மேல ஸ்பீக்கரு. யாரோ பின்னாடிலேருந்து, "அண்ணனுக்கு இன்னும் ரெண்டு துண்டு வைங்கப்பா"ன்னு சொன்னான். கேலியா, எரக்கமான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியல. வச்சான். எல்லாத்தையும் தின்னேன் சார். கண்ணுல தண்ணி வந்துச்சு, காரம்னு சொல்லிக்கிட்டேன்.

நாடிமுத்து என்ன பண்ணாருங்கிறீங்க? சண்ட போட்டிருந்தா நல்லாருந்திருக்கும். "சரிம்மா, ஆயிரமே எழுதிக்கிறோம்"னு சொல்லிட்டாரு. மறு வாரம் பாத்தா எங்க வீட்டு போர்ட்டிகோவுல பொம்பளைங்க. சாயங்காலமானா ரெண்டு பேரு, மூணு பேரு. அந்த மேடம் நம்பரக் குடுங்கக்கா, எங்க வீட்டுலயும் இதே கததான்னு அழுவுறாங்க. வரதராசு உக்காந்த அதே சேருல உக்காந்துக்கிட்டு. எங்க அப்பன் பாட்டன் காலத்துலேருந்து வந்த செய்மொறை, இவ ஒருத்தி வாயால கெட்டுப்போச்சு. அவ என்னடான்னா பழைய மாதிரி சாப்பிடுறா, தூங்குறா. ராத்திரி இருமலு மட்டும் நிக்கல.

யாரும் எனக்கு இப்ப பத்திரிகை வைக்கறதில்ல. தெருவுல பத்திரிகையோட வர்றவன், எங்க வீட்டத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போறான். உங்களுக்கு அது புரியாது. கடன்காரன் வந்து வாசல்ல உக்காந்தப்பக்கூட என்னைய ஒரு ஆளா மதிச்சுத்தான் உக்காந்தான்.

அதக்கூடப் பொறுத்துக்கிட்டேன். முந்தாநாளு என் சகலை வந்தான். குழந்தைவேலு. இளஞ்சியத்தோட தங்கச்சிய கட்டுனவன். வர்ற ஞாயித்துக்கெழம அவன் விருந்து. எனக்கு அம்பதாயிரம் செஞ்சவன், எங்க சொந்தத்துலயே பெரிய மொய் அதுதான். வந்தான், என் கையப் புடிச்சுக்கிட்டான். "அண்ணே, நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். எப்ப முடியுதோ அப்பக் குடுங்க, குடுக்காட்டியும் பரவால்ல. சும்மா வந்து சாப்பிட்டுட்டுப் போங்க. நீங்க வந்தாப் போதும்"னான்.

சும்மா! கேட்டீங்களா சார்? சும்மா வந்து சாப்பிட்டுட்டுப் போறதுக்கு நான் என்ன பந்தலுக்கு வெளிய நிக்கிற ஆளா? இளஞ்சியம் அவனப் பாத்துக் கும்புட்டா. கண்ணு கலங்கிட்டா. எனக்கு அப்பவே தீர்மானம் ஆயிருச்சு. ஞாயித்துக்கெழம போறேன். அறுபதாயிரம் எழுதுறேன். அம்பது அவன் செஞ்சது, பத்து நான் மேல வைக்கிறது. மைக்குல என் பேரு வரணும். அவ பேரு இல்ல, என் பேரு. அடுத்த வருசம் எனக்கு அஞ்சு வருசம் முடியுது, நானும் விருந்து வைப்பேன். இன்னிக்கு நான் எழுதுனாத்தான் நாளைக்கு வருவாங்க. எல்லாம் ஒரே நாள்ல திரும்பி வந்துரும், மொத்தத்தையும் அடச்சுருவேன். இந்தக் கணக்கு மேடத்துக்கும் புரியல, இவளுக்கும் புரியல.

அதான் தஞ்சாவூரு. பழைய பஸ்ஸ்டாண்டுகிட்ட ஒரு ஆளு இருக்காரு. காலையில போனா மத்தியானம் பணம். வீட்டுப் பத்திரம் பையில இருக்கு, அது என் பேருலதான். அரிசிப் பானைக்கு அடியில வச்சிருந்தா, எடுத்தாந்துட்டேன். ரெண்டு மாசந்தானே, தேங்கா வெல ஏறிரும், அவ தேடறதுக்குள்ள வச்சுருவேன். மேடத்துக்கு எப்படித் தெரியப்போவுது? தெரிஞ்சாத்தான் திட்டம் ஒடையும்.

தோப்பா? தோப்புக்கு ஒண்ணும் வராது சார். நான் விட்டுருவேனா? அவ அந்தப் பாளையத் தெனமும் போயிப் பாத்துட்டு வர்றா. எனக்குத் தெரியாதா. எனக்கு மட்டும் நெஞ்சு இல்லியா. சில நேரம் அவகூடவே போயி நின்னுக்கிட்டு, போதும்டான்னு இருந்துறலாமான்னு தோணும். தோணி என்ன செய்ய? வீட்டுக்கு வந்து அந்தச் சேரப் பாத்தா மறுபடியும் மூச்சு முட்டுது. இந்த வாரம் மட்டும் தாண்டிட்டா எல்லாம் சரியாயிரும். இந்த ஒரு வாரந்தான்.

ஒரே ஒரு சிக்கல். அந்த ஆளு ஜாமீன் கையெழுத்து கேக்குறாரு. கொப்பரைக் கடைக்காரரு மகன் வர்றேன்னு சொல்லிருந்தான், காலையிலேருந்து ஃபோன எடுக்க மாட்டேங்கிறான். உங்களப் பாத்தா கவர்மெண்டு உத்தியோகம் மாதிரி தெரியுது. அப்படியா, மாசச் சம்பளமா? நல்லதாப் போச்சு. ஆதாரு கையில வச்சிருப்பீங்கள்ல? பத்து நிமிசம் சார், எறங்குன எடத்துலேருந்து நடந்து போற தூரந்தான். உங்களுக்கு ஒரு பைசா வராது, சும்மா ஒரு கையெழுத்து. ஞாயித்துக்கெழம விருந்துக்கு வந்துருங்க, நானே கூட்டிட்டுப் போறேன், என் பக்கத்துலயே இலை போடச் சொல்றேன்.

என்ன சார் எந்திரிச்சுட்டீங்க? உக்காருங்க, உக்காருங்க. இன்னும் ஒரத்தநாடே வரலியே.